வெள்ளத்தில் போன மாயாவியும் வராத ஓடிபியும்

வெள்ளத்தில் எத்தனை காமிக்ஸ் புத்தகம் போச்சு என்று கேட்பவர்களுக்கு இன்று வரைக்கும் என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. அறுநூறுக்கு மேலே, எழுநூறுக்குள்ளே. அவ்வளவுதான் தெரியும். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் 18 வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். எட்டு எம்.எம். போல்ட் எந்த ரேக்கில் எத்தனை கிடக்கிறது என்று, ரேக்கில் தொங்கும் இருப்புக் கணக்கு அட்டையான பின் கார்டைப் பார்க்காமலே சொல்வேன். வீட்டில் பத்து வயதிலிருந்து சேர்த்த காமிக்ஸுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு எழுதி வைக்கத் தோன்றவில்லை. என் புத்தகம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. காணாமல் போனபிறகுதான், என்ன காணோம் என்றே தெரியாத ஒரு வலி இருக்கிறது என்று புரிந்தது. அதனால் மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் இருப்பதற்கு இன்று ராத்திரியே ஒரு பட்டியல் எழுதிவிடுங்கள். இதழின் பெயர், எண், வருஷம், அட்டை எப்படி இருக்கிறது, நடுப்பக்கம் இருக்கிறதா. அதை போட்டோ எடுத்து வேறு ஊரில் இருக்கும் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைதான் எனக்குச் சொந்த ஊர். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைகளில் ராணி காமிக்ஸைச் சணல் கயிற்றில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டிருப்பார்கள். 1984-இல் ஒன்றரை ரூபாய்க்கு வரத் தொடங்கிய புத்தகம் அது. நான் வாங்கும் வயது வந்தபோது விலை ஏறியிருந்தது, என் கையிருப்பு ஏறவில்லை. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பழைய முத்து காமிக்ஸை நாலணா வாடகைக்கு விடுவார். ராத்திரி வைத்துக்கொண்டால் எட்டணா. 1972-இல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவி கதையோடு தொடங்கிய வரிசை. மின்சாரம் பாய்ந்தால் அவருக்கு உடம்பெல்லாம் மறைந்து கை மட்டும் தெரியும். அதை நம்பி சுவிட்ச் போர்டில் விரலை வைத்து அடி வாங்கிய பையன்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர். ஒருவன் நான். அப்புறம் லயன் காமிக்ஸ், சேலத்துப் பழைய புத்தகக் கடைகள், பெங்களூர் போனால் அவென்யூ ரோடு என்று வளர்ந்தது. 2012-இல் லயனும் முத்துவும் ஓர் இடைவெளிக்குப் பிறகு புது வேகத்தில், வழவழப்பான ஆர்ட் பேப்பரில், முழு வண்ணத்தில் வர ஆரம்பித்தபோது சந்தா கட்டினேன். சம்பளத்தில் முதல் செலவு அதுதான் என்று என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

டிஜிட்டலுக்கு நான் போனது 2020 ஊரடங்கில். கூரியர் வரவில்லை, கை அரித்தது. ஒரு செயலியில் ஆங்கிலத்தில் வெள்ளைக்காரர் காமிக்ஸ், மாங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸ் எல்லாம் சல்லிசாகக் கிடைத்தன. முதலில் போனில் படித்துக் கண் கெட்டது. பெரிய பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு வரையும் பிரெஞ்சு, பெல்ஜியக் கதைகளை ஆறு அங்குலத் திரையில் படிப்பது சாவித் துவாரம் வழியாகத் திருவிழா பார்ப்பது மாதிரி. கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்தை விரித்து ஒரே படமாக வரைந்திருந்தால் அது சிதைந்துவிடும். பத்து அங்குல டேப்லட் ஒன்று 17,000 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் படிப்பு படிப்பாக ஆனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போனது. நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவனுக்கு, விரலை வைத்து இழுத்தால் வசன பலூனுக்குள் இருக்கும் எழுத்து பெரிதாவது ஒரு வரம். லைட்டை அணைத்த பிறகும் யாரையும் எழுப்பாமல் படிக்கலாம். தூசி இல்லை, தும்மல் இல்லை, ‘எங்க வைக்கப் போறீங்க’ என்ற கேள்வி இல்லை. நாலு வருஷத்தில் 94 புத்தகம், 23,760 ரூபாய். பார்த்தீர்களா, இதற்கு மட்டும் கணக்குத் துல்லியமாக இருக்கிறது. பில்லெல்லாம் மெயிலில் இருக்கிறது. பில் இருக்கிறது, புத்தகம்தான் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடல் எங்கேயோ கிடக்கிறது, நமக்கென்ன என்றுதான் இருந்தோம். வருஷம் முழுக்கச் சேர்ந்தே சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிற மாவட்டம் எங்களுடையது. அந்தப் புயல் கரையேறி வலுக்குறைந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 திங்கட்கிழமை காலையில் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களைத் தள்ளிக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். விடியற்காலை கரண்ட் போனபோது தண்ணீர் வாசல்படியில் இருந்தது. அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டு வந்தபோது முழங்கால். அரிசி மூட்டை, மகளின் சர்ட்டிபிகேட் பை, கேஸ் அடுப்பு, அதற்கப்புறம்தான் புத்தகம். இதில் எனக்கு வருத்தமில்லை, வரிசை சரியான வரிசைதான். ஆனால் புத்தகத்துக்குள் நான் போட்ட வரிசை தப்பு. நடு ரேக்கில் இருந்த விலை உயர்ந்த கெட்டி அட்டைப் புத்தகங்களைத்தான் முதலில் அள்ளி மேசைமேல் அடுக்கினேன். தரையில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டியில் பழைய முத்து, லயன், ராணி எல்லாம் இருந்தன. அப்புறம் தூக்கலாம் என்று விட்டேன். தண்ணீர் புகுந்த டிரங்குப் பெட்டியை ஒரு ஆள் தூக்க முடியாது. தூக்கப் பார்த்ததில் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் விழுந்தது. பிளைவுட் மேசை ஊறிக் கால் மடங்கி, மேலே அடுக்கியதும் உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை மதியம் தண்ணீர் வடிந்தது. சேற்று வாடை, சாக்கடை வாடை, டீசல் வாடை. பெட்டியைத் திறந்தால் புத்தகங்கள் ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள் காமிக்ஸுக்காக அழுகிறான் என்று யாராவது சிரிப்பார்களோ என்று கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பிறகு செய்ததெல்லாம் தப்பு. ஈரப் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன், ஊறிய காகிதம் முதுகிலிருந்து கழன்றது. மொட்டை மாடியில் லேசாக வெயில் அடித்ததும் பாய் விரித்துக் காயப்போட்டேன், அட்டையெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டது. கெட்டி அட்டைப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தண்ணீர் வடியட்டும் என்று அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் புதன்கிழமைதான் தொடர்பில் கிடைத்தான். ‘ண்ணா, காய வைக்காத. ஃப்ரீசர்ல போடு’ என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் பொறுமையாகச் சொன்னது இதுதான்: ஈரக் காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். அத்தனை புத்தகத்தையும் இரண்டு நாளில் காயவைக்க உன்னால் முடியாது. உறைய வைத்துவிட்டால் பூஞ்சை வளர்வது நிற்கும், மையும் பரவாது. அப்புறம் உனக்கு நேரம் கிடைக்கும்போது நாலு நாலாக எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். பெரிய நூலகங்களில் வெள்ளம் புகுந்தால் இதைத்தான் செய்கிறார்களாம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜே தண்ணீரில் மிதந்து செத்திருந்தது. கடைத்தெருவின் மேட்டுப் பக்கம் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது. மழைக்காலம், ஒரு பெட்டி ஃப்ரீசர் காலியாகத்தான் இருக்கும். போய்க் கேட்டேன். ‘புத்தகத்தையா? ஐஸ்லயா?’ என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, ‘நாத்தம் வராத மாதிரி கட்டிக் குடுங்க’ என்றார். அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. கரண்ட் பில்லுக்கு என்று 500 ரூபாய் நீட்டியதற்கு முறைத்தார்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது வேண்டியிருக்கும். சேறு படிந்த புத்தகத்தைத் திறக்காமல் மூடியபடியே இறுக்கிப் பிடித்து, ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. சேறு காய்ந்துவிட்டால் காகிதத்துக்குள் இறங்கிவிடும், ஈரத்தில்தான் போகும். பிறகு நாலைந்து புத்தகமாக பட்டர் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, முதுகுப் பக்கம் கீழே இருக்கும்படி ஃப்ரீசரில் அடுக்க வேண்டும். திருப்பி எடுக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனையைக் கவனிக்க முடியுமோ அத்தனை மட்டும். பையோடு மெதுவாகக் குளிர் விட்டபின், பத்துப் பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, ஃபேன் காற்றில் நிழலில் வைத்து, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். தினசரித் தாளைச் செருகாதீர்கள், அதன் மை ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் ஓரம் வெட்டிப் போடும் அச்சடிக்காத தாளைக் கட்டாக வாங்கிக்கொண்டேன், 640 ரூபாய். முக்கால்வாசி காய்ந்ததும் பலகைக்கு நடுவில் வைத்து லேசாகப் பாரம் கொடுத்தால் நெளிவு குறையும். துருப்பிடித்த பின்னை முதலிலேயே கழற்றிவிட்டேன். காய்ந்தபின் அதே துளையில் ஊசி நூலால் தைத்தாயிற்று. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் நான் ஒட்டியதெல்லாம் பழுப்புக் கறையாகி, எழுத்தையும் தின்றிருந்தது. பூஞ்சை பிடித்ததைக் கையாளும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் மூன்று வாரம் இருமி, டாக்டருக்கும் மருந்துக்கும் 1,800 ரூபாய் கொடுத்தேன்.

இனிதான் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்காத விஷயம். எதைப் பொக்கிஷம் என்று முதலில் அள்ளினேனோ, அந்த ஆர்ட் பேப்பர் வண்ணப் புத்தகங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அந்தத் தாளின் வழவழப்பே மேலே பூசியிருக்கும் மெல்லிய களிமண் பூச்சுதான். அது நனைந்து, அழுத்தத்தில் காய்ந்தால் பசையாகிவிடும். என் அம்மிக்கல் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்துவிட்டது. 41 கெட்டி அட்டைப் புத்தகம் செங்கல் மாதிரி ஆனது. ஒன்றைக் கத்தி வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் குதிரையின் முகம் எதிர்ப்பக்கத்துப் பாலைவனத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். மலிவு நியூஸ்பிரிண்டில் வந்த பழைய ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய்ப் புத்தகங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஃப்ரீசருக்குள் போனவை எல்லாம் பிழைத்தன. 212 புத்தகம். அலை அலையாய் நெளிந்து, ஓரத்தில் செம்மண் கோடு போட்டுக்கொண்டு, ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாய். மரக்கூழ்த் தாள் என்பதால் வெயிலில் பழுக்கும், ஓரம் பொடியும், இந்தத் தாளை யார் காப்பாற்றி வைப்பது என்று நானே பலமுறை அலுத்துக்கொண்டதுதான் தண்ணீரைத் தாங்கியது. ஆகவே, உங்கள் வீட்டில் தண்ணீர் வந்தால் ஆர்ட் பேப்பரைக் காயவே விடாமல் ஈரத்தோடு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். நியூஸ்பிரிண்ட் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கும்.

இந்த நேரத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். பரணில் இருந்ததால் நனையாமல் தப்பிய ஒரு சாக்குப் பை இருந்தது, 160 புத்தகம் இருக்கலாம். இனி காகிதமே வேண்டாம் என்று ஒரு வெறுப்பு. சேலத்திலிருந்து ஒருவர் காரில் வந்து பார்த்தார். ‘வெள்ளத்துல நனைஞ்ச வீட்டுல இருந்ததுன்னா மதிப்பு கம்மிங்க சார்’ என்றார். மொத்தமாக 9,000 ரூபாய். வாங்கிக்கொண்டேன். மார்ச் மாதம் அதில் ஒரே ஒரு இதழை, உள்பக்கத்தில் நான் பள்ளிக்கூட வயதில் ஊதா மையில் போட்ட கையெழுத்தோடு, 2,800 ரூபாய்க்கு விலை போட்டிருந்ததைப் பார்த்தேன். அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன், வியாபாரம். வெள்ளமோ சாவோ நடந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு எதையும் விற்கக் கூடாது என்று எங்கள் அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது திருப்பி வாங்க ஆரம்பித்திருக்கிறேன், அதிலும் ஒரு பாடம் கற்றேன். ‘அரிய இதழ்’ என்று 1,500 கொடுத்து வாங்கியதில் அட்டை கலர் ஜெராக்ஸ். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பழைய அட்டையின் ஓரம் நாராகப் பிரியும், ஜெராக்ஸ் தாள் வெள்ளையாய் வெட்டுண்டு நிற்கும். நடுப்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பின் அடித்த இடத்தையும் போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சரி, டிஜிட்டல். வெள்ளம் வடிந்த அந்த வாரம் எனக்கு ஒரே ஆறுதல் அந்த டேப்லட்தான். பரணில் இருந்து தப்பியிருந்தது. 94 புத்தகமும் அப்படியே. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், ‘இதுக்குத்தாங்க இந்தக் காலம், தண்ணியும் வராது கரையானும் வராது’ என்று பிரசங்கம் செய்தேன். போன் தண்ணீரில் செத்ததால் புதுப் போன் வாங்கி, வங்கிக்குக் கொடுத்திருந்த நம்பருக்கு மட்டும் சிம் மாற்றிக்கொண்டேன். இரண்டாவது சிம்மில் யாரும் கூப்பிடுவதில்லை, விட்டுவிட்டேன். மே மாதம் டேப்லட் மெதுவாகிறது என்று மச்சான் மகன் அதை மொத்தமாக அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தான். செயலியைத் திறந்தேன். நம்பரைப் போடு என்றது. போட்டேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. அது போனது அந்த இரண்டாவது நம்பருக்கு.

ப்ரீபெய்டு சிம்மைத் தொண்ணூறு நாள் தொடாமல் விட்டால் இணைப்பு போய்விடும், கொஞ்ச நாள் கழித்து அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியாது. செயலியின் உதவி மையத்துக்குப் பதினோரு மெயில் போட்டேன். பில், வங்கி மெசேஜ், ஆதார் நகல், வெள்ளத்தின் போட்டோ வரை இணைத்தேன். பதினோரு முறையும் ஒரே பதில்: பதிவு செய்த எண்ணை மாற்ற, பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியை உள்ளிடவும். மெயில் முகவரி இருக்கிறதே என்றால், அது பில் அனுப்பத்தான், கணக்கு என்பது நம்பர்தான் என்றார்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல் என் பழைய நம்பருக்கு நானே போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். அரூர்ப் பக்கமாம். ‘அம்மா, இது முன்னாடி என் நம்பருங்க. இப்ப ஒரு ஓடிபி வரும், அத மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?’ என்று கேட்டேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நான் எப்படிப் பேசுகிறேன் என்று. ‘டேய்! காலர் டியூன்லயே சொல்றாங்க உங்கள மாதிரி ஆளுங்களப் பத்தி. போலீஸுக்குப் போன் போடட்டுமா?’ என்று ஆரம்பித்து, என் தாய் தகப்பன் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சரியாகத்தான் செய்தார். நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் என் 23,760 ரூபாய் அந்த அம்மாவின் கைப்பையில் இருக்கிறது, அவருக்கே தெரியாது.

அப்போதுதான் உட்கார்ந்து அந்தச் செயலியின் விதிமுறைகளைப் படித்தேன். ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி நான் வாங்கியது புத்தகத்தை அல்ல, அவர்கள் கடையில் உட்கார்ந்து படிக்க ஓர் அனுமதியை. கடையைப் பூட்டினாலும் சாவியைத் தொலைத்தாலும் முடிந்தது. இது என் ஒருவன் கதை இல்லை என்று தேடியபோது தெரிந்தது. ஜேமாங்கா என்று மாங்காவுக்கான ஒரு தளம் 2013 மே மாதம் மூடியது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகமும் அதோடு போனது. மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை 2019-இல் மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். டிஜிட்டல் காமிக்ஸ் விற்ற காமிக்ஸாலஜியை 2014-இல் அமேசான் வாங்கியது, 2023 டிசம்பரில் அந்தச் செயலியையே தன் மின்புத்தகச் செயலியான கிண்டிலோடு சேர்த்துவிட்டார்கள். அதில் வாங்கிய புத்தகம் போகவில்லை, ஆனால் பழகிய இடம் போய்விட்டது. நம் வீட்டுக்கு வந்தது ஒரு ராத்திரி வெள்ளம். இது சத்தமில்லாமல் மெயிலில் வரும் வெள்ளம்.

அதற்காக நான் டிஜிட்டலை விட்டுவிடவில்லை. ஒருமுறை படித்தால் போதும் என்கிற கதையை, ஐம்பது பாகம் போகும் மாங்காவை, காகிதத்தில் வாங்க என் வீட்டில் இடமும் இல்லை, பணமும் இல்லை. அவற்றை மாதச் சந்தாவில் படிக்கிறேன். சந்தா என்றாலே வாடகை என்று தெரிந்து கொடுப்பதால் ஏமாற்றம் இல்லை. நாலணா கொடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்தவன்தானே நான். சொந்தமாக வேண்டும் என்றால், பூட்டில்லாத கோப்பாக இறக்கிக்கொள்ள விடுகிற இடத்தில் மட்டும் வாங்குகிறேன், பிடிஎஃப் அல்லது சிபிஇசட். சிபிஇசட் என்பதில் மாயம் ஒன்றுமில்லை, பக்கங்களைப் படமாக எடுத்துக் கட்டிய ஜிப் கோப்புதான். பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் படம் படமாக வரும், எந்தச் செயலியின் தயவும் வேண்டாம். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று சேலத்தில் சித்தப்பா மகன் வீட்டில். கணக்கு எதில் இருந்தாலும் அதில் கொடுத்திருக்கும் நம்பரும் மெயிலும் இன்று உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். சிம்மை விடுவதற்கு முன், அது எங்கெங்கே கொடுத்த நம்பர் என்று யோசித்துவிட்டு விடுங்கள். எனக்குக் காமிக்ஸ் போனது, வேறொருவருக்கு வேறு ஏதாவது போகலாம்.

டெலிகிராமில் பழைய தமிழ்க் காமிக்ஸ் எல்லாம் ஸ்கேனாகச் சுற்றுகிறதே, எதற்கு இந்தப் பாடு என்று பலர் கேட்டார்கள். வெள்ளத்துக்கு அடுத்த மாதம் நானும் இறக்கினேன், மறைக்கவில்லை. இருநூறு இதழ் ஒரே ராத்திரியில். பத்தைக்கூடப் படிக்கவில்லை. சும்மா கிடைத்தது சும்மாவே கிடந்தது. தவிர, தமிழில் மாதா மாதம் இதை இன்னும் அச்சடிக்கிறவர்கள் நம்மை மாதிரிச் சில ஆயிரம் பேரை நம்பித்தான் அச்சடிக்கிறார்கள், புதுப் புத்தகத்தின் ஸ்கேனும் அதே குழுவில் ஓடுவதைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். என்னிடம் மிஞ்சிய 212-ஐ நானே ஸ்கேன் செய்கிறேன், எனக்காக மட்டும். தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் பழைய முதுகு உடையும். அதனால் பக்கத்தைப் பாதி மட்டும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், மேலே இருந்து போனிலேயே எடுக்கிறேன். மகள் பக்கம் திருப்புவாள். ஓர் இதழுக்கு இருபது நிமிஷம் போதும், ஆனால் நாற்பது ஆகிறது. அவள் படித்துவிட்டுத்தான் திருப்புகிறாள்.

புத்தகங்கள் இப்போது மாடி வீட்டு அறையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கின்றன. டிரங்குப் பெட்டி துருப்பிடித்து அந்தத் துருவையே அட்டைக்கு ஏற்றியிருந்தது, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பெட்டிக்குப் பெட்டி சிலிக்கா ஜெல் பொட்டலம், ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து ஓரத்தில். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன். பெட்டியின் மூடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று பின் கார்டு ஒட்டியிருக்கிறேன், கம்பெனியில் ஒட்டுவது போலவே.

போன மாதம் ஒரு நாள் மதியம், தெரியாத நம்பர் இல்லை, தெரிந்த நம்பரிலிருந்து போன் வந்தது. என் பழைய நம்பர். அந்த அரூர் அம்மா. குரலில் அன்றைய சூடு இல்லை. ‘தம்பி, அன்னிக்கு நீங்கதான பேசுனது? காமிக்ஸோ என்னமோ, உங்க கடைக்காரங்க தினமும் மெசேஜ் அனுப்பறாங்கப்பா. அம்பது சதம் தள்ளுபடியாம், திரும்பி வாங்கங்கறாங்க. எனக்கு இம்சையா இருக்கு, நிறுத்தச் சொல்லேன்’ என்றார்.

சரிங்கம்மா என்று செயலியைத் திறந்து பார்த்தேன். மெசேஜை நிறுத்த, கணக்குக்குள் போக வேண்டுமாம். அதற்கு அந்த அம்மாவுக்கு ஓர் ஓடிபி போகும்.